வேட்டைக்காரருக்கு நிலத்தைத் திறந்துவிடப் பணம் வாங்கலாமா?

வாசகர் கடிதம்:

அன்புள்ள ஐயா, நானும் மனைவியும் கன்சாஸ் மாநிலத்தில் ஓவர்லேண்ட் பார்க்கில் இருக்கிறோம். இரண்டு வருடத்துக்கு முன்பு மாநிலத்தின் வடமேற்கில் அரை செக்‌ஷன், அதாவது 320 ஏக்கர் வாங்கினோம். பாதி, உழாமல் புல்லாக விட அரசு பணம் தரும் சி.ஆர்.பி. திட்டத்தில் உள்ள புல்வெளி. மீதி கோதுமை, ஓடையோரமாக மரங்கள். கோதுமை நிலத்தைப் பக்கத்துப் பண்ணைக்காரர் குத்தகைக்குப் பார்க்கிறார். பழைய உரிமையாளர் காலத்தில் அவரும் அவர் மகன்களும் அங்கே இலவசமாக வேட்டையாடி வந்திருக்கிறார்கள். வாசலில் வந்து கேட்ட வேறு சிலருக்கும் அனுமதி கிடைத்திருக்கிறது. இப்போது ஒரு அவுட்ஃபிட்டர், அதாவது வாடிக்கையாளர்களிடம் பணம் வாங்கி வேட்டைக்கு அழைத்து வருபவர், ஏக்கருக்கு 12 டாலர் வீதம் முழு நிலத்தையும் மூன்று வருடத்துக்குக் கேட்கிறார். பொதுமக்களை வேட்டைக்கு நடந்து வரவிடும் மாநிலத்தின் வாக்-இன் திட்டத்தில் சேரலாம் என்று ஒரு அதிகாரியும் சொன்னார். அதில் பணம் குறைவு. பக்கத்துக்காரரோ, "வேட்டைக்குக் காசு வாங்க ஆரம்பித்தால் இந்த ஊர் கெட்டுப்போகும்" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். என் மனைவி சுத்த சைவம். உயிரைக் கொல்லக் கூலி வாங்குவதா என்று கேட்கிறாள். எனக்கோ சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாயில் மீன் குத்தகை ஏலம் விட்டபோது வந்த சண்டைதான் நினைவுக்கு வருகிறது. நாங்கள் அந்த ஊருக்குப் புதியவர்கள், வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

நியாயம் அநியாயம் பேசுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. கோதுமை நிலத்துக்குப் பக்கத்துக்காரரோடு போட்ட குத்தகைத் தாளை எடுத்துப் படித்துப் பாருங்கள். தாளே இல்லை, பழைய உரிமையாளர் காலத்து வாய்ப்பேச்சுதான் தொடர்கிறது என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பயிர்க் குத்தகைக்கு விட்ட நிலம் குத்தகைதாரரின் கைவசத்தில் இருக்கிறது. வேட்டை அனுமதியை உரிமையாளர் தன்னிடமே வைத்துக்கொள்வதாக எழுதாவிட்டால், யார் உள்ளே வரலாம் என்று சொல்லும் உரிமை குத்தகைக் காலம் முழுவதும் அவரிடமே இருப்பதாகக் கருதப்பட வாய்ப்புண்டு. அதாவது, அவுட்ஃபிட்டர் கேட்கிற 320 ஏக்கரில் பாதியை நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவே முடியாமல் போகலாம். உங்களைத் திட்டிய அதே மனிதரிடம்தான் அந்தப் பாதியின் சாவி இருக்கக்கூடும். முப்பது வருடமாகக் கன்சாஸிலும் நெப்ராஸ்காவிலும் நிலக்காரர்களுக்குப் புல்வெளி, வனவிலங்கு ஆலோசனை சொல்லி வருகிறேன். வேட்டைக் குத்தகையில் கையெழுத்தான பிறகு வந்த தகராறுகளில் பலவற்றுக்கு வேர் இந்த ஒரு வரி இல்லாததுதான். ஊரில் வேளாண் குத்தகை பார்க்கிற வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். அந்தச் செலவுக்குக் கணக்குப் பார்க்காதீர்கள்.

இனி உங்கள் கண்மாய்க்கு வருகிறேன். நல்ல ஒப்பீடு, ஆனால் ஒரு இடத்தில் பொருந்தாது. மீன் குத்தகையில் ஏலம் எடுத்தவருக்கு மீனே சொந்தம். இங்கே உங்கள் புல்லில் ஒளிந்திருக்கும் ஃபெசன்ட் என்ற காட்டுக்கோழி போன்ற பறவையின் சேவலோ, ஓடையோரம் படுத்திருக்கும் வெள்ளைவால் மானோ உங்களுடையது இல்லை. பணம் கொடுத்து நிலத்தை வாங்கினாலும் அவை உங்கள் பத்திரத்துக்குள் வராது. அமெரிக்காவில் காட்டு விலங்கு மக்களின் சொத்து. மாநில அரசு அவர்கள் சார்பில் அதைக் காத்து, எத்தனை, எப்போது, எப்படி என்று விதி போடுகிறது. இங்கிலாந்தில் வேட்டை என்பது நிலம் உள்ளவர்களின் உரிமையாக இருந்தது. ஏழை ஒருவன் முயல் பிடித்தாலும் தண்டனை. அந்த நினைவோடு கடல் கடந்து வந்தவர்கள் இங்கே வேறு மாதிரி எழுதினார்கள். வெர்மான்ட் 1777இல் எழுதிய அரசியலமைப்பிலேயே, வேலி போடாத பிறர் நிலத்திலும் மக்கள் வேட்டையாடலாம் என்ற உரிமையைச் சேர்த்தது. உங்கள் பக்கத்துக்காரர் சொன்ன வார்த்தைக்குப் பின்னால் இருப்பது அந்தப் பழைய நினைவு. அவர் கஞ்சத்தனத்தால் சொல்லவில்லை.

ஆனால் விலங்கு ஊருக்குச் சொந்தம் என்றாலும் கதவு உங்களுக்குச் சொந்தம். கன்சாஸில் பலகை வைத்திருந்தாலும் இல்லாவிட்டாலும் அனுமதி இல்லாமல் தனியார் நிலத்தில் வேட்டையாடக் கூடாது. வேலிக் கம்பத்தில் ஊதா பெயின்ட் அடித்துவிட்டால், எழுத்து மூலமான அனுமதி இருந்தால் மட்டும் வா என்று பொருள். ஆக நீங்கள் விற்கக்கூடியது உள்ளே வருவதற்கான அனுமதி ஒன்றைத்தான். இந்த மாநிலத்தில் கிட்டத்தட்ட 98 சதவீத நிலம் தனியாருடையது. விலங்கு எல்லாருக்கும் பொது, அது வாழும் இடமோ ஏறக்குறைய முழுக்கத் தனியார் கையில். இந்த நாட்டில் இந்த விவாதம் முடியாமல் இருப்பதற்குக் காரணம் இந்த முடிச்சுதான்.

பணம் வாங்குவதே தவறு என்று சொல்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. காரணத்தைச் சொல்கிறேன். ஒரு வேட்டைப் பருவத்தில் நிலக்காரருக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். மழைக்குப் பிறகு மண் பாதையில் டிரக் ஏறி முழங்கால் ஆழத்துக்குத் தடம் பதிகிறது. கதவைச் சாத்தாமல் போகிறார்கள், மாடு ரோட்டுக்கு வருகிறது. நவம்பரில் காய்ந்து நிற்கும் புல்லின் மேல் சூடான வண்டியை நிறுத்தினால் தீப்பிடிக்கும். நானே ஒரு பண்ணையில் அப்படி ஒரு தீயை ஈரச் சாக்கு வைத்து அடித்து அணைத்திருக்கிறேன். வேலிக் கம்பி தொய்கிறது. அதற்கும் மேலே, ஃபெசன்ட் இருக்க வேண்டுமென்றால் உழாத புல் இருக்க வேண்டும். உழாமல் விடுவது ஒரு செலவு. இதையெல்லாம் ஒருவர் தலையில் கட்டிவிட்டு, பலன் மட்டும் ஊருக்கு என்று சொல்வதில் நியாயம் இல்லை.

இந்த எண்ணம் புதிதும் இல்லை. வனவிலங்கு அறிஞர் ஆல்டோ லியோபோல்ட் தலைமையிலான குழு 1930இல் அமெரிக்க வேட்டை விலங்குக் கொள்கை ஒன்றை முன்வைத்தது. தனியார் நிலத்தில் விலங்கு பெருகவேண்டும், பொதுமக்களும் அங்கே வேட்டையாடவேண்டும் என்றால், நிலத்தை அதற்கேற்ப வைத்திருக்கிற விவசாயிக்கு ஈடு தரவேண்டும் என்பது அதன் மையக் கருத்து. அன்றைக்கே அதற்கு எதிர்ப்பு வந்தது. இங்கிலாந்தின் முறையைப் பின்வாசல் வழியாகக் கொண்டுவருகிறார்கள் என்றார்கள். லியோபோல்ட் அதைச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. 1931இல் விஸ்கான்சினில் மேடிசன் நகருக்குப் பக்கத்தில் ரைலி என்ற சிற்றூரில் விவசாயிகளோடு சேர்ந்து ஒரு கூட்டுறவைத் தொடங்கினார். அத்துமீறி நுழையும் நகரத்து வேட்டைக்காரர்களால் அந்த விவசாயிகள் அலுத்துப்போயிருந்தார்கள். அவர்கள் நிலத்தைத் தந்தார்கள். நகரத்து உறுப்பினர்கள் பணமும், குளிர்காலத்துக்குத் தீனியும், பறவை ஒதுங்க நடுவதற்குச் செடிகளும் கொண்டுவந்தார்கள். இரு தரப்பும் சேர்ந்து நட்டு, சேர்ந்து காத்து, சேர்ந்து வேட்டையாடினார்கள். 1940களின் கடைசிவரை அது நடந்தது. அங்கேயும் பணம் கைமாறியது. ஆனால் அந்தப் பணம் நிலத்துக்குள்ளேயே திரும்பிப் போனது, கொடுத்தவரும் வாங்கியவரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். எனக்கு அளவுகோல் அதுதான்.

இப்போது உங்கள் பக்கத்துக்காரரின் பயத்துக்கு வருகிறேன். அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் டெக்சாஸை நினைத்துப் பேசுகிறார். அங்கே ஏறக்குறைய 95 சதவீத நிலம் தனியார் கையில். வேட்டைக் குத்தகை என்பது பல தலைமுறையாகச் சாதாரண வியாபாரம். மாட்டை விட மானில் வரும் வருமானத்தை நம்பி நடக்கும் பண்ணைகள் அங்கே உண்டு. அதனால் நன்மையும் இருக்கிறது. மானுக்கு விலை இருப்பதால் புதர்க்காட்டை அழிக்காமல் வைத்திருக்கிறார்கள். ஆனால் சொந்த நிலமோ குத்தகைக்குக் கொடுக்கப் பணமோ இல்லாத வீட்டுப் பையனுக்கு அங்கே வேட்டை என்பது எட்டாத பொருளாகிவிடுகிறது.

பையனுக்கு எட்டாமல் போனால் நமக்கென்ன என்று தோன்றலாம். இங்கேதான் இந்த நாட்டின் ஏற்பாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். மாநில வனவிலங்குத் துறைகளின் பணத்தில் பெரும்பகுதி வேட்டை லைசென்ஸிலிருந்தும், 1937ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி துப்பாக்கி, தோட்டா மீது விதிக்கப்படும் வரியிலிருந்தும் வருகிறது. நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் அந்த வரி 11 சதவீதம். அந்த வரிப் பணத்தை மத்திய அரசு மாநிலங்களுக்குப் பிரிக்கும்போது, மாநிலத்தின் பரப்போடு லைசென்ஸ் வாங்கியவர்களின் எண்ணிக்கையையும் பார்க்கிறது. வேட்டைக்குப் போக இடமில்லாமல் ஆட்கள் குறைந்தால், லைசென்ஸ் குறையும், பணம் குறையும். அந்தப் பணத்தில்தான் சதுப்பு நிலத்தையும், யாரும் சுடாத சிறு பறவைகளையும் காக்கிறார்கள். கதவுகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே போனால் கடைசியில் நஷ்டம் விலங்குக்கும்தான்.

இன்னொன்றையும் உங்கள் பக்கத்துக்காரர் பார்த்திருக்கிறார். 2000களின் தொடக்கத்தில் கன்சாஸில் நிலக்காரருக்கு வழங்கும் மான் வேட்டை அனுமதிச் சீட்டை அவர் வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்கலாம் என்று இருந்தது. வெளிமாநில வேட்டைக்காரர்கள் அந்தச் சீட்டை விலைக்கு வாங்கினார்கள். பிறகு அது நிறுத்தப்பட்டது. மாநிலத் தலைநகர் டொபீகாவில் அதைத் திரும்பக் கொண்டுவர மசோதாக்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கதவுக்குப் பணம் வாங்குவது வேறு, சீட்டை விற்பது வேறு. சீட்டை விற்பது என்பது ஊருக்குச் சொந்தமான மானையே விற்பதற்குச் சமம். அதை நான் எதிர்க்கிறேன், எதிர்த்துக் கூட்டங்களில் பேசியும் இருக்கிறேன்.

மான்டானாக்காரர்கள் இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி கண்டார்கள். 1985இல் தொடங்கி, 1990களின் நடுவில் விரிவாக்கிய 'பிளாக் மேனேஜ்மென்ட்' திட்டத்தில் நிலக்காரர் பொதுமக்களுக்குக் கதவைத் திறந்துவிடுகிறார். அரசு அவருக்குப் பணம் தருகிறது. அந்தப் பணத்துக்கு வாடகை என்று பெயர் வைக்கவில்லை. வேட்டைக்காரர்களின் வருகையால் நிலத்துக்கு ஏற்படும் தேய்மானத்துக்கு ஈடு என்கிறார்கள். எத்தனை வேட்டைக்காரர்கள் எத்தனை நாள் வந்தார்கள் என்பதைப் பொறுத்து தொகை கூடும் குறையும். வெளிமாநிலத்தவர் கட்டும் லைசென்ஸ் கட்டணமே அதற்குப் பெரிய ஆதாரம். அதே மாநிலத்தில் அவுட்ஃபிட்டர்களின் வாடிக்கையாளருக்கென்று லைசென்ஸ் ஒதுக்கி வைத்திருந்த முறையை 2010இல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி நீக்கினார்கள். பணத்தை அவர்கள் வெறுக்கவில்லை. பணம் கொடுப்பவருக்கு மட்டும் தனி வரிசை என்பதைத்தான் வெறுத்தார்கள்.

கன்சாஸின் வாக்-இன் திட்டம் 1995இல் வந்தது. பத்தாண்டுக்குள் பத்து லட்சம் ஏக்கரைத் தொட்டது. மாநிலத் துறை உங்களிடம் வேட்டை உரிமையைக் குத்தகைக்கு எடுத்து, பலகை நட்டு, வரைபடப் புத்தகத்தில் போட்டுவிடும். லைசென்ஸ் உள்ள எவரும் உங்களைக் கேட்காமலே நடந்து வரலாம். வண்டியை உள்ளே ஓட்டக் கூடாது. பாதையில் தடம் விழாது, புல்லில் தீ விழாது என்பதால் எனக்கு இந்த ஒரு விதி மிகவும் பிடிக்கும். உங்கள் சி.ஆர்.பி. புல்லைப் பொறுத்தவரை, அந்த ஒப்பந்தத்தில் இருக்கும் நிலத்தை வேட்டைக்கு விட்டுப் பணம் வாங்கத் தடையில்லை. புல்லை அழிக்கக் கூடாது, கூடு கட்டும் காலத்தில் வெட்டக் கூடாது என்பதுதான் நிபந்தனை. 1985ஆம் ஆண்டின் வேளாண் சட்டத்தில் பிறந்த அந்தத் திட்டம் இல்லாவிட்டால் மேற்கு கன்சாஸில் இன்று நாம் பேச ஃபெசன்டே இவ்வளவு இருக்காது.

அவுட்ஃபிட்டர் தரும் 3,840 டாலரைப் பற்றியும் நேராகப் பேசிவிடுகிறேன். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஒழுங்காக நடத்துகிறவர்கள் பலரை எனக்குத் தெரியும். ஆனால் அவர் கேட்பது முழு நிலம், மூன்று வருடம், வேறு யாருக்கும் இடமில்லை. அந்த மூன்று வருடத்தில் உங்கள் வாசலில் கார் வந்து நின்று, தொப்பியைக் கழற்றிவிட்டு, "நானும் என் பேரனும் ஒரு சனிக்கிழமை நடந்து பார்க்கலாமா" என்று ஒரு கிழவர் கேட்டால் உங்களால் சரி என்று சொல்ல முடியாது. பக்கத்துக்காரரின் மகன்கள் சின்ன வயதிலிருந்து நடந்த ஓடைக்கரையில், ஊர் பேர் தெரியாத ஒருவர் இரண்டாயிரம் மைல் தாண்டி வந்து மரத்தின் மேல் உட்கார்ந்திருப்பார். தீ வந்தாலும், மாடு ஓடினாலும், பனியில் உங்கள் வண்டி சிக்கினாலும் முதலில் டிராக்டரோடு வரப்போவது அந்த மகன்கள்தான். நீங்கள் ஓவர்லேண்ட் பார்க்கில் நான்கு மணி நேர தூரத்தில் இருப்பீர்கள். இந்தக் கணக்கை 3,840க்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

கதவுக்கு விலை ஏறிக்கொண்டே போனால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வயோமிங்கில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். ரயில்வே கம்பெனிகளுக்கு 19ஆம் நூற்றாண்டில் நிலம் கொடுத்தபோது சதுரங்கப் பலகை போல ஒரு சதுரம் தனியாருக்கு, அடுத்த சதுரம் அரசுக்கு என்று விட்டார்கள். எல்க் மவுன்டன் என்ற இடத்தில் 2021இல் மிசூரியிலிருந்து வந்த நான்கு வேட்டைக்காரர்கள், நான்கு சதுரங்கள் சந்திக்கும் மூலையில் ஒரு சின்ன ஏணியைப் போட்டு, ஒரு அரசு நிலத்திலிருந்து இன்னொரு அரசு நிலத்துக்குக் கால் மாற்றினார்கள். தனியார் மண்ணில் கால் படவே இல்லை. அவர்கள் கடந்தது அதற்கு மேலே இருந்த காற்றை மட்டும்தான். அதற்குக் குற்ற வழக்கு வந்தது, ஜூரி விடுவித்தது. நிலக்காரரும், தன் நிலத்தின் மதிப்பு பல லட்சம் டாலர் குறைந்துவிட்டது என்று சிவில் வழக்குப் போட்டார். 2025 மார்ச்சில் பத்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் வேட்டைக்காரர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஊர்ச் சொத்தான நிலத்தைச் சுற்றிக் கதவு போட்டு, அந்தக் கதவை நில மதிப்பில் சேர்க்கிற அளவுக்கு அங்கே போய்விட்டார்கள். உங்கள் 320 ஏக்கர் அப்படி ஒன்றும் இல்லை. ஆனாலும் மேற்குக் கன்சாஸில் குத்தகை எடுக்கப்படும் ஒவ்வொரு அரை செக்‌ஷனும் பக்கத்து அரை செக்‌ஷனின் விலையை ஏற்றுகிறது. மாநிலத் துறையால் அந்த ஏலத்தில் நிற்க முடிவதில்லை.

உங்கள் மனைவியின் கேள்விதான் எல்லாவற்றிலும் கனமானது. அதற்கு ஒரு நிபுணனாகப் பதில் சொல்ல எனக்கு அருகதை இல்லை, எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். நானும் சைவக் குடும்பத்தில் பிறந்தவன். இந்தத் தொழிலுக்கு வந்த முதல் வருடம், வேட்டையாடிய மானைக் கொண்டுவந்து காட்டும் செக் ஸ்டேஷனில் மானின் தாடையைத் திறந்து பல் பார்த்து வயது குறிக்கும் வேலை. மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கன்சாஸில் மான் கிட்டத்தட்ட அற்றுப்போயிருந்தது. கட்டுப்பாடில்லாமல் சுட்டார்கள், சந்தைக்காகச் சுட்டார்கள். மான் மெல்லத் திரும்பி வந்த பிறகு, 1965இல்தான் முதல் முறைப்படுத்தப்பட்ட மான் வேட்டைப் பருவம் வந்தது. அது திரும்பி வந்ததற்கு வேட்டைக்காரரின் லைசென்ஸ் பணமும் ஒரு காரணம். ஓநாய் இந்தச் சமவெளியில் இல்லை. மானின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவது இப்போது துப்பாக்கியும் அம்பும் ரோட்டில் போகும் காரும்தான். இந்த உண்மைகளை அறிந்த பிறகும் அவருக்கு மனம் ஒப்பவில்லை என்றால், கதவை மூடி வைக்கும் உரிமை உங்களுக்கு முழுதாக இருக்கிறது. எந்தச் சட்டமும் உங்களைத் திறக்கச் சொல்லாது. யாரும் சுடாத புல்வெளியாகவே வைத்துக்கொள்ளுங்கள். அப்படி வைத்திருக்கும் இரண்டு குடும்பங்களை எனக்குத் தெரியும், அவர்கள் முடிவை நான் மதிக்கிறேன். அவரிடம் இதைக் கேளுங்கள்: பறவையை ஒருவர் சுட்டுச் சாப்பிடுவது உறுத்துகிறதா, அதற்கு நாம் பணம் வாங்குவது உறுத்துகிறதா? இரண்டாவதுதான் என்றால் வழி இருக்கிறது. வரும் பணத்தைத் தொடாமல் அப்படியே புல்லுக்குத் திருப்பிவிடலாம். பூக்கும் செடிகளின் விதை, ஓடையோரம் புதர், காடைக்கு ஒதுங்க நிழல். மான் இறைச்சியைப் பசித்தவர்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஏற்பாடு கன்சாஸில் இருக்கிறது. உங்கள் நிலத்தில் வேட்டையாடுபவரிடம், குடும்பத்துக்கு மிஞ்சியதை அங்கே கொடுக்கவேண்டும் என்று நிபந்தனை வைக்கலாம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் செய்வேன். புல்வெளிப் பாதியை வாக்-இன் திட்டத்தில் போடுவேன். வீடோ கொட்டகையோ இருந்தால் அதைச் சுற்றிய பகுதியைப் பாதுகாப்பு எல்லையாகக் குறிக்கச் சொல்வேன். ஃபெசன்டுக்கும் காடைக்கும் நடந்து வருகிறவர்களால் மற்றவர்களுக்கு இழப்பில்லை. ஒருவர் நாளைக்கு நான்கு ஃபெசன்டுக்கு மேல் எடுக்க முடியாது, அதுவும் சேவல் மட்டும். பெட்டையைத் தொடக் கூடாது என்பதால் அடுத்த வருடத்துக்கு முட்டை இருக்கும். ஓடையும் கோதுமையும் உள்ள பாதியைத் திட்டத்தில் போடமாட்டேன். அங்கே வேலிக் கம்பத்தில் ஊதா பெயின்ட் அடித்து, பக்கத்துக்காரர் குடும்பத்துக்குப் பணமில்லாமல் எழுத்து மூலம் அனுமதி கொடுப்பேன். வருடா வருடம் புதுப்பிக்கும் அனுமதி. யார் யார் வரலாம் என்று பெயர் எழுதிய அனுமதி. பதிலுக்கு வேலியையும் பாதையையும் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு என்று பேசிக்கொள்வேன். பயிர்க் குத்தகையைப் புதுப்பிக்கும்போது, வேட்டை அனுமதி உரிமையாளரிடமே இருக்கும் என்ற அந்த ஒரு வரியையும் சேர்ப்பேன். அதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் சேர்ப்பேன். மறைத்துச் சேர்த்தால் அது கத்தி மாதிரி தெரியும்.

பொறுப்பு விஷயத்தில் கவனம் தேவை. பொழுதுபோக்குக்காக இலவசமாக நிலத்தைத் திறந்துவிடும் உரிமையாளரை விபத்து வழக்கிலிருந்து காக்கும் சட்டம் கன்சாஸில் 1965 முதல் இருக்கிறது. மற்ற மாநிலங்களிலும் அதுபோல உண்டு. வருகிறவரிடம் நேராகக் கட்டணம் வாங்கினால் அந்தக் கவசம் பல மாநிலங்களில் கழன்றுவிடும். அரசுக்குக் குத்தகை விட்டு வாங்கும் தொகையைப் பொதுவாக அப்படிப்பட்ட கட்டணமாக எண்ணுவதில்லை. வாக்-இன் பணம் குறைவு என்று பார்க்கும்போது இதையும் சேர்த்துப் பாருங்கள். அவுட்ஃபிட்டரோடு போவது என்றே முடிவு செய்தால், அவருடைய பொறுப்புக் காப்பீட்டில் உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லி, அதன் சான்றிதழைக் கையில் வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். மூன்று வருடம் வேண்டாம், ஒரு வருடம் போதும். ஒரே நாளில் எத்தனை பேர் வரலாம், உள்குத்தகை விடலாமா, வண்டி எதுவரை வரலாம், கேமரா எங்கே வைக்கலாம் என்று எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். பக்கத்துக்காரர் குடும்பத்துக்கு ஓடைப் பக்கம் விலக்கு வேண்டும் என்று கேளுங்கள். மறுத்தால், யோசிக்க ஒன்றும் இல்லை.

எந்த வழியிலும் வரும் பணம் வருமானம்தான். வரிக் கணக்கில் காட்டவேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். நான் முதன்முதல் ஒரு பண்ணை வாசலில் போய் நின்றபோது என் பெயரை அந்த அம்மாவால் சொல்ல முடியவில்லை, என் உச்சரிப்பும் அவருக்குப் புரியவில்லை. திறந்து வந்த கதவைத் திரும்பிப் போய்ச் சாத்திவிட்டு வந்ததைச் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறார். அதற்கப்புறம் காபி வந்தது. அந்த மாவட்டங்களில் ஒரு மனிதரைப் பற்றிய பேச்சு அவர் கதவை எப்படி நடத்துகிறார் என்பதில்தான் தொடங்கும். நீங்கள் யாருக்கும் பயந்து முடிவெடுக்க வேண்டாம். அவுட்ஃபிட்டருக்கே கொடுத்தாலும் அது உங்கள் உரிமை. ஆனால் முடிவை ஊர் வேறு யார் வாயிலிருந்தோ கேட்கக் கூடாது. நீங்களே போய்ப் பக்கத்துக்காரரின் சமையலறை மேசையில் உட்கார்ந்து சொல்லுங்கள். மனைவியையும் அழைத்துப் போங்கள். அவர் கேள்வியை அவரே அங்கே கேட்கட்டும். வேட்டைக்காரர்கள் அதற்குக் கோபப்படுவார்கள் என்று நினைக்காதீர்கள். நல்ல வேட்டைக்காரர் ஒவ்வொருவரும் தனக்குள் அதே கேள்வியைக் கேட்டிருப்பார்.

வாக்-இன் திட்டம் என்றால் இப்போதே மாவட்ட உயிரியலாளரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். புல்லை நடந்து பார்த்துத்தான் தொகை சொல்வார்கள். வரைபடப் புத்தகம் கோடைக் கடைசியில் வந்துவிடும், ஃபெசன்ட் பருவம் நவம்பர் இரண்டாம் சனிக்கிழமை திறக்கிறது. அந்தச் சனிக்கிழமை காலையில் முடிந்தால் நீங்களும் நிலத்தில் இருங்கள். ஆரஞ்சு நிற மேலங்கி ஒன்று போட்டுக்கொண்டு, ரோட்டோரம் நின்று, வருகிறவர்கள் எங்கே வண்டி நிறுத்துகிறார்கள் என்று பாருங்கள். அடுத்த வருடம் எதைத் திருத்தவேண்டும் என்பது ஒரே காலையில் தெரிந்துவிடும்.